அக்கரைக்கு பாரத்நெட், இக்கரைக்கு 28 நாள் ரீசார்ஜ்... வடசென்னையைத் தாண்டிப் போகும் பிராட்பேண்ட் கொள்கை!

‘இன்றைய டேட்டாவில் 90% தீர்ந்துவிட்டது.’

வீட்டில் வைஃபை இருந்தா இந்த மெசேஜை ஒரு ஸ்வைப்ல தள்ளிட்டுப் போயிடுவோம். ஆனா, குடும்பத்தில் நாலு பேருக்கும் போன் டேட்டாதான் ஒரே இன்டர்நெட் என்றால் கதையே வேற. அண்ணனோட வேலை விண்ணப்பம், தங்கச்சியோட மாதிரித் தேர்வு, அப்பாவோட யுபிஐ எல்லாமே அந்த மிச்சம் 10 சதவிகிதத்துக்குள்ள அடங்கணும்.

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூர்னு நீளும் துறைமுகப் பட்டையில் இப்படி எத்தனையோ வீடுகள் இருக்கின்றன. ‘சிட்டிக்குள்ளதானே இருக்காங்க, நெட்டுக்கு என்ன குறை?’ என்று கேட்கத் தோன்றும். அரசின் கொள்கையும் இத்தனை வருஷமா அப்படித்தான் நினைத்தது. பிரச்னையே அங்கேதான்.

நாட்டின் மெகா பிளான்

2011 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒரு பிரமாண்ட திட்டத்துக்கு ஓகே சொன்னது. நாட்டிலுள்ள சுமார் 2.5 லட்சம் கிராம ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கேபிள். முதலில் தேசிய ஆப்டிகல் ஃபைபர் நெட்வொர்க் என்று பெயர்; 2015-ல் பாரத்நெட் ஆனது. இரண்டு வருடத்தில் முடிப்பதாகச் சொன்ன வேலை இன்னும் நடக்கிறது. 2023 ஆகஸ்ட்டில் திட்டத்தைத் திருத்தி, 1,39,579 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். தமிழ்நாட்டில் இதைச் செய்வது மாநில அரசின் டான்ஃபினெட் நிறுவனம். இலக்கு, 12,525 ஊராட்சிகள்.

இதில் தப்பே இல்லை. லாபம் வராத கிராமத்துக்குத் தனியார் நிறுவனம் தானாகப் போகாது; அரசுதான் போகணும். இதே நிதியில் சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலுக்கடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் போட்டு, 2020 ஆகஸ்ட்டில் இயக்கத்துக்கும் கொண்டுவந்தார்கள். நிச்சயம் பாராட்டணும்.

ஆனா, இந்தக் கொள்கை நாட்டை ரெண்டாதான் பிரிச்சுப் பார்க்குது. கிராமம்னா அரசு பார்த்துக்கும். நகரம்னா மார்க்கெட் பார்த்துக்கும்.

ஒரே ஆறு, ரெண்டு கணக்கு

எண்ணூரில் கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தை மேப்பில் பாருங்க. வடக்கே அத்திப்பட்டு, காட்டுப்பள்ளி. மீஞ்சூர் ஒன்றியத்தைச் சேர்ந்த ஊராட்சிகள் என்பதால் பாரத்நெட் கணக்கில் வரும். தெற்கே எண்ணூர், எர்ணாவூர், திருவொற்றியூர். 2011-லேயே சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட பகுதிகள். அதுக்கு முன்னாடியும் நகராட்சிகள்தான். எப்படிப் பார்த்தாலும் ஊராட்சிக் கணக்கில் வராது.

ரெண்டு கரையிலும் மீனவர்களும் கூலித் தொழிலாளர்களும் இருக்காங்க. ரெண்டு கரையும் ஒரே அனல்மின் நிலையச் சாம்பலைத்தான் சுவாசிக்குது. இன்டர்நெட் விஷயத்தில் மட்டும் ஒரு கரைக்கு அரசுத் திட்டம் இருக்கு, இன்னொரு கரைக்கு இல்லை.

கால்குலேட்டரை எடுங்க

2024 ஜூலையில் செல்போன் நிறுவனங்கள் கட்டணத்தை ஏற்றியது ஞாபகம் இருக்கா? ஜியோவில் தினமும் 1.5 ஜிபி தரும் 28 நாள் பிளான் 239 ரூபாயிலிருந்து 299 ஆனது. வருடத்துக்கு 28 நாள் வீதம் 13 ரீசார்ஜ். ஒரு போனுக்கு 3,887 ரூபாய். நாலு போன் என்றால் 15,548 ரூபாய்.

அதே நிறுவனத்தின் அடிப்படை ஃபைபர் பிளான் மாதம் 399 ரூபாய் என்றுதான் அறிமுகமானது. 18% ஜிஎஸ்டி சேர்த்தால் வருடத்துக்கு சுமார் 5,650 ரூபாய். அதில் நாலு பேரும் படிக்கலாம், பார்க்கலாம். கால் பேசுறதுக்கு போன் ரீசார்ஜ் தனி என்றாலும், டேட்டாவைப் பொறுத்தவரை ஃபைபர்தான் மலிவு.

‘அப்போ ஃபைபர் போட வேண்டியதுதானே?’ சம்பளம் ஒண்ணாம் தேதி அக்கவுன்ட்ல விழுறவங்க ஈஸியா கேட்டுடலாம். காசிமேட்டில் வருமானத்துக்கு ஒண்ணாம் தேதி கிடையாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். ஷிஃப்ட் கிடைச்சாதான் காசு என்று கன்டெய்னர் யார்டில் வேலை பார்ப்பவருக்கு மாதா மாதம் ஒரு பில் என்பது பாரம். வாடகை வீடு என்றால் ஒயர் இழுக்க ஹவுஸ் ஓனர் சம்மதிக்கணும், வீடு மாறினா மறுபடி முதல்லேருந்து. அதனால், கையில் காசு இருக்கும் அன்னிக்கு ரீசார்ஜ். அரிசியை மூட்டையா வாங்க முடியாதவங்க கால் கிலோவா வாங்கி அதிக விலை கொடுக்கிற அதே கதை.

அரசுக் கணக்கில் இவங்க எல்லாருமே ‘பிராட்பேண்ட் சந்தாதாரர்கள்’. 2023 ஜனவரியில் மாற்றிய வரையறைப்படி, குறைந்தபட்சம் 2 எம்பிபிஎஸ் டவுன்லோடு வேகம் இருந்தாலே அது பிராட்பேண்ட். 2024 முடிவில் இந்தியாவில் சுமார் 94 கோடி சந்தாதாரர்கள் இருந்தார்கள். அதில் ஒயர் வழியாக இணைப்பு பெற்றவை 4 கோடி சொச்சம்தான். மீதி எல்லாம் பெரும்பாலும் போன் டேட்டா. போன்ல ரீல்ஸ் பார்க்கலாம். நாலு மணி நேர ஆன்லைன் கோர்ஸ், லேப்டாப்ல புராஜெக்ட் எல்லாம் தினம் 1.5 ஜிபிக்குள்ள முடியுமா? கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு லேப்டாப் என்று 2025-26 பட்ஜெட்டில் தமிழக அரசு அறிவித்தது. லேப்டாப் கைக்கு வந்தா, அடுத்த கேள்வி அதை எதோட கனெக்ட் பண்றதுன்னுதான்.

இது பொழுதுபோக்குப் பிரச்னை இல்லை

2023 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். மாத ஆரம்பத்தில் மிக்ஜாம் புயல். வெள்ளத்தோடு சேர்ந்து எண்ணெய்க் கழிவு எண்ணூர் கழிமுகத்துக்குள் புகுந்தது. அந்த வடு ஆறுவதற்குள், 26-ம் தேதி நள்ளிரவை நெருங்கும் நேரத்தில் எண்ணூரில் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் பகுதி மக்கள் மூச்சுத்திணறலோடு தெருவுக்கு ஓடி வந்தார்கள். அந்த மாதிரி ராத்திரியில் எந்தப் பக்கம் ஓடணும்னு சொல்ல, ஆம்புலன்ஸைக் கூப்பிட எல்லாத்துக்கும் கையில் இருப்பது போன் மட்டும்தான். புயல் நேரத்தில் கரன்ட் போய் டவர்கள் படுத்தபோது என்ன ஆச்சுன்னு சென்னைக்கே தெரியும். ரசாயன ஆலைகளை ஒட்டி வாழும் மக்களுக்கு, டவர் செயலிழந்தாலும் வேலை செய்யும் இரண்டாவது இணைப்பு ஒரு பாதுகாப்பு ஏற்பாடு.

சட்டமும் இதைப் புரிஞ்சுக்க ஆரம்பிச்சிருக்கு. இன்டர்நெட்டைப் பயன்படுத்தும் உரிமை கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் ஒரு கல்லூரி மாணவியின் வழக்கில் சொன்னது.

சட்டத்தில் புதுசா ஒரு வார்த்தை

பாரத்நெட்டுக்கான பணம் எங்கிருந்து வருகிறது? தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் வருவாயில் 5 சதவிகிதத்தை ஒரு பொது நிதிக்குக் கட்டுகின்றன. அந்த வருவாய் நம்ம ரீசார்ஜ்தான். அதாவது, திருவொற்றியூரில் போடும் 299 ரூபாயிலும் அந்த நிதிக்கு ஒரு பங்கு போகுது.

முன்பு அந்த நிதி, கிராமப்புற மற்றும் தொலைதூரப் பகுதிகளுக்கானதாகவே இருந்தது. தொலைத்தொடர்புச் சட்டம் 2023 அதை ‘டிஜிட்டல் பாரத் நிதி’ என்று மாற்றியபோது, சேவை போதாத கிராமப்புறம், தொலைதூரப் பகுதிகளோடு ‘நகர்ப்புறம்’ என்ற வார்த்தையையும் சேர்த்தது. 2024 ஜூன் 26 முதல் இந்தப் பிரிவு அமலில் இருக்கிறது. நகரத்திலும் இணைப்பு போதாத பகுதிகள் உண்டு என்று சட்டமே ஒப்புக்கொண்டுவிட்டது. எண்ணூருக்கு இந்த நிதியைக் கேட்க இனி சட்டம் தடை இல்லை.

என்ன செய்யலாம்?

கேரளாவைப் பாருங்கள். 2023 ஜூனில் தொடங்கிய கே-ஃபோன் திட்டம் கிராமமா, நகரமா என்று பார்க்கவில்லை. ஏழைக் குடும்பமா என்று பார்த்தது. 20 லட்சம் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பது இலக்கு. முதல் கட்டமாகத் தொகுதிக்கு 100 குடும்பம். இலக்கோடு ஒப்பிட்டால் வேகம் குறைவுதான். ஆனால் கணக்கெடுப்பது ஊரை அல்ல, வீட்டை. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

மத்திய அரசின் பிஎம்-வாணி திட்டம் 2020 டிசம்பரில் வந்தது. பெட்டிக்கடைக்காரர்கூட லைசென்ஸ் இல்லாமல், கட்டணம் கட்டாமல் பொது வைஃபை நடத்தலாம். 2022-க்குள் நாடு முழுக்க 1 கோடி ஹாட்ஸ்பாட் என்பது 2018 கொள்கையின் கனவு. கிடைத்தது சில லட்சங்கள்தான். கடைக்காரரிடம் இணைப்புக்கு அதிகக் கட்டணம் கேட்டது ஒரு முக்கியக் காரணம். 2025 ஜூனில் டிராய் அதற்கு உச்சவரம்பு வைத்தது. 200 எம்பிபிஎஸ் வரை, வீட்டுக் கட்டணத்தைப் போல இரு மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது. காசிமேடு ஏலக்கூடம், எர்ணாவூர் சுனாமி குடியிருப்பு, ரேஷன் கடை வாசல் என்று இதைத் தொடங்க இடத்துக்குப் பஞ்சமில்லை.

2024 மார்ச்சில் 4,181 கோடி ரூபாயில் தொடங்கிய வடசென்னை வளர்ச்சித் திட்டமும் கையில் இருக்கிறது. கொளத்தூரில் திறந்த முதல்வர் படைப்பகம் போல இன்டர்நெட்டோடு படிக்க ஓர் இடம் எண்ணூர் வரைக்கும் வரணும். வாரியக் குடியிருப்பு கட்டும்போது தண்ணீர்க் குழாய், கரன்ட் லைன் போடுகிற மாதிரி, ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒரு ஃபைபர் லைனையும் சேர்த்துப் போட்டால் ஹவுஸ் ஓனர் பிரச்னையும் இல்லை, முன்பணப் பிரச்னையும் இல்லை.

இதுக்கெல்லாம் முதல் தேவை ஒரு கணக்கு. திருவொற்றியூர், ராயபுரம் மண்டலங்களில் எத்தனை வீட்டுக்கு ஒயர் இணைப்பு இருக்கு, வார்டு வாரியா? இந்தக் கேள்வியை உங்க வார்டு கவுன்சிலர்கிட்ட கேளுங்க, ஆர்டிஐ மனுவாவும் போடுங்க. ஊராட்சியை எண்ணியதால்தான் பாரத்நெட்டுக்குப் பணம் வந்தது. வீட்டை எண்ணினால்தான் வடசென்னைக்கும் வரும்.