கவாத்துக் கத்தரி பிடிக்கும் கைகளுக்கும் கல்வி வேண்டும்!

வத்தலக்குண்டு பஸ் நிலையத்தில் விடிவதற்கு முன்னமே இரண்டு கூட்டம் நிற்கும். ஒன்று நூல் மில் வண்டிக்காக. மற்றொன்று தோட்ட வேலைக்காக. தூக்குச்சட்டி ஒரே மாதிரிதான். பல வேளைகளில் குடும்பமும் ஒன்றுதான். அண்ணன் மில்லுக்குப் போகிறான். தங்கை தோட்டத்துக்குப் போகிறாள்.

அந்தத் தோட்டத் தொழிலாளியை மனதில் வைத்துக் கேட்கிறோம்: விவசாயப் பல்கலைக்கழகம் யாருக்காக?

திண்டுக்கல் ஜில்லாவில் சின்னாளபட்டி, வெள்ளோடு வட்டாரத்திலும், தேனி ஜில்லாவின் கம்பம் பள்ளத்தாக்கிலும் பன்னீர் திராட்சை விளைகிறது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆராய்ச்சி ஸ்தாபனங்களுக்கும் குறைவில்லை. 1971-ல் கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஏற்பட்டது. அதன் தோட்டக்கலைக் கல்லூரி, வத்தலக்குண்டிலிருந்து தேனி போகும் பாதையில், பெரியகுளத்தில் இருக்கிறது. இன்னும் மேற்கே, ஆனைமலையன்பட்டியில், திராட்சைக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எல்லாம் ஜனங்களின் வரிப்பணத்தில் நடப்பவை. சோப்புக்கட்டி வாங்கும் கூலிக்காரரும் அந்த வரியைக் கொடுக்கிறார்.

ஆனால், அங்கே கண்டறியும் அறிவு எதுவரை வருகிறது? தோட்டத்து வரப்பு வரை வருகிறது. பந்தலுக்கடியில் நிற்பவரிடம் வந்து சேருவதில்லை.

அறிவு பிறந்த இடம்

பிரான்சு தேசத்தில் போர்டோ என்ற நகரம். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் மில்லார்தே என்ற பேராசிரியர் இருந்தார். அடிச்சாம்பல் நோய் திராட்சைத் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்த காலம். 1882-ல் ஓரிடத்தில் சாலையோரக் கொடிகள் மட்டும் இலை உதிராமல் நிற்பதை அவர் கண்டார். விசாரித்தார். வழிப்போக்கர்கள் பழத்தைப் பறித்துத் தின்னாதிருக்க, மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து தெளித்து வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம் என்று தெரிந்தது. அவர் அதைச் சோதித்துப் பார்த்து 1885-ல் வெளியிட்டார். அதுவே போர்டோ கலவை. நூறு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு என்று இன்றும் நமது விவசாயிகள் கலக்குகிறார்களே, அதே கலவைதான்.

தோட்டத்து வழக்கத்திலிருந்து விஞ்ஞானம் பிறந்தது. பேராசிரியர் அதற்கு அளவும் காரணமும் கண்டார். மீண்டும் அது தோட்டத்துக்கே வந்தது. பல்கலைக்கழகம் வேலை செய்ய வேண்டிய முறை இதுதான்.

கதையின் மறு பாதியையும் சொல்ல வேண்டும். 1969-ல் போர்த்துகல் நாட்டு மருத்துவர்கள் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். பல வருஷம் இதே கலவையைத் தெளித்துவந்த திராட்சைத் தொழிலாளிகளின் நுரையீரலில் தாமிரம் படிந்து நோயாகியிருந்தது! பயிரைக் காத்தது மருந்து. தெளித்தவனைக் காப்பாற்ற ஒருவரும் இல்லை. பஞ்சுத்தூசு நெஞ்சில் ஏறினால் என்ன ஆகும் என்பதை மில் தொழிலாளிக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

பந்தலுக்கடியில் நிலைமை என்ன?

திராட்சையில் கவாத்துதான் உயிர்நாடி. பருத்த கிளையைப் பழத்துக்காக நீட்டி விடுவதா, மெலிந்த கிளையை ஒட்ட வெட்டி அடுத்த வளர்ச்சிக்கு விடுவதா, எத்தனை கண் விடுவது, இவற்றையெல்லாம் ஒரு கணத்தில் தீர்மானிப்பது கத்தரி பிடித்த கை. அந்தக் கைக்கு உரியவரையல்லவா பயிற்சிக்கு அழைக்க வேண்டும்? அழைப்பது யாரை? பட்டா வைத்திருப்பவரை!

மருந்து விஷயம் இதைவிட மோசம். திராட்சைக்கு மருந்து பந்தலுக்கடியில் நின்று மேல்நோக்கி அடிக்கப்படுகிறது. இலையில் பட்டது போக மிச்சம் அடிப்பவர் தலைமீதே விழுகிறது. தலையில் ஒரு துண்டு, மடித்துக் கட்டிய லுங்கி, வெறுங்கால்: இதுவே அவருடைய கவசம். கவாத்துக்குப் பிறகு கண்கள் ஒரே சீராகத் துளிர்க்க ஹைட்ரஜன் சயனமைடு என்ற மருந்தைத் தடவுவதும் திராட்சைத் தொழிலில் உண்டு. அதைக் கையாண்டவர் உடல் அலுப்புக்கு மது அருந்தினால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, மூச்சுத் திணறும். டப்பாவின் பொடி எழுத்தைப் படிக்கத் தெரியாதவருக்கு இதை யார் சொல்லுவது?

சட்டம் இல்லாமல் இல்லை. 1968-ல் பூச்சிமருந்துச் சட்டமும், 1971-ல் அதன் விதிகளும் வந்தன. பாதுகாப்பு உடை, மூச்சுக் கவசம், மருத்துவப் பரிசோதனை, பயிற்சி எல்லாம் அவற்றில் எழுதியிருக்கின்றன. ஏட்டில் இருப்பது தோட்டத்துக்கு வரவில்லை.

"தோட்டக்காரரிடம் சொல்லிவிட்டோம், அவர் ஆட்களிடம் சொல்லுவார்" என்று அதிகாரிகள் பதில் சொல்லலாம். விளைச்சலைக் கூட்டுவதை அவர் சொல்லுவார். வேலையைத் தாமதமாக்கும் எச்சரிக்கையையும் சொல்லுவாரா?

சிறு விவசாயியும் இதே நிலையில்தான் இருக்கிறார். சொந்தப் பந்தலில் தாமே மருந்தடிப்பவர் அவர். குத்தகைக்காரரிடமோ மானியத்துக்குச் சிட்டா, அடங்கல் கேட்கிறார்கள். நிலம் வேறொருவர் பெயரில் இருக்கும்போது அவர் எங்கே போவார்? கடைசியில் மருந்துக் கடைக்காரர்தான் அவருக்குப் பேராசிரியர்!

மகாராஷ்டிரத்தைப் பாருங்கள். அங்குள்ள திராட்சை விவசாயிகள் 1960-லேயே தங்களுக்கென்று சங்கம் கண்டார்கள். மத்திய சர்க்கார் 1997-ல் திராட்சைக்கான தேசிய ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கியதும் அந்த மாகாணத்துப் புனேயில்தான். ஒன்று திரண்டவர்களின் குரல் எட்டுகிறது.

நாம் கேட்பது

ஒன்று: கவாத்துக்கு முன்னும் மருந்தடிப்புக்கு முன்னும், ஆண், பெண் தொழிலாளிகளுக்குத் தோட்டத்திலேயே பயிற்சி வேண்டும், அன்றைய கூலியும் தர வேண்டும்.

இரண்டு: பயிற்சி பெற்றவருக்குச் சான்றிதழும், அந்தத் திறமைக்கேற்ற கூலியும் வேண்டும்.

மூன்று: கவசமில்லாமல் மருந்தடிக்கச் சொல்லக் கூடாது. மருந்தடிப்பவருக்குச் சர்க்கார் ஆஸ்பத்திரியில் வருஷந்தோறும் நெஞ்சுப் பரிசோதனை நடத்த வேண்டும்.

நான்கு: பட்டா இல்லாத குத்தகைக்காரருக்கும் ஆலோசனையும் மானியமும் கிடைக்க வேண்டும்.

இவை சலுகைகள் அல்ல. வரி கொடுக்கும் உழைப்பாளியின் உரிமைகள்.

வத்தலக்குண்டில் பிறந்த சுப்பிரமணிய சிவா, 1908-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தில் வ.உ.சிதம்பரம் பிள்ளையோடு சேர்ந்து நின்றார். எங்கோ உள்ள மில்லின் தொழிலாளிக்காக நின்ற அவருடைய ஊரில், இன்று மில் தொழிலாளிகள் தோட்டத் தொழிலாளிகளுக்காக நிற்க வேண்டும். மில் சங்கங்கள் இந்த நான்கு கோரிக்கைகளையும் தங்கள் கோரிக்கைகளாக எடுத்துக்கொள்ளட்டும். காலையில் ஒரே பஸ் நிலையத்தில் நிற்பவர்கள் கோரிக்கையிலும் ஒன்றாக நிற்கட்டும்!