பணம் வாங்குறவன் கையில் பாஸ் இல்லை!

“அண்ணே, தம்பி இன்ஜினீயர். பெர்மிட்டில் போய் வெயிலில் கம்பி கட்டணும்னு தலையெழுத்தா? சிங்கப்பூருக்கு இ-பாஸ் போட்டு விடுறேன். ஏ.சி. ரூமில் வேலை. மாசம் மூணரை லட்சம். அங்கே ஆபீசில் நம்ம ஆள் இருக்கார். கொஞ்சம் செலவாகும்.”

அறந்தாங்கியிலும் இதே பேச்சுதான், ஆலங்குடியிலும் இதே பேச்சுதான். கீரனூர், பொன்னமராவதி பக்கம் போனாலும் ஒரு வார்த்தை மாறாது. அந்தக் “கொஞ்சம் செலவு” மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். வீட்டுக் கூரையைப் பார்த்து, அம்மா கழுத்தைப் பார்த்து ஏஜெண்டு ரேட் சொல்வார்.

இதன் மறுபாதி, போலீஸ் நிலையம் ஏறி இறங்கும் நிருபர்களுக்கு மனப்பாடம். ஏஜெண்டின் போன் அணைந்துவிடும். வீடு பூட்டிக் கிடக்கும். “பல லட்சம் மோசடி, ஏஜெண்டுக்கு வலைவீச்சு” என்று நாலு வரி எழுதுவோம். மறுநாள் வேறு செய்தி வந்துவிடும்.

அந்த நாலு வரியில் இடம் கிடைக்காத விஷயம் ஒன்று உண்டு. படித்தவர்களுக்கான இ-பாஸ் விற்பனைச் சரக்கே இல்லை. அதை விற்க ஏஜெண்டுக்கு வழியில்லை. வாங்க நமக்கும் வழியில்லை. இது தெரிந்துவிட்டால் நம் மாவட்டத்தில் பாதி நகை அடகுக்கடைக்குப் போகாது.

யார் கேட்பது, யார் கொடுப்பது?

சிங்கப்பூர் வேலைக்கு முக்கியமாக மூன்று வாசல். கட்டுமானம், கப்பல் பட்டறை போன்ற உடல் உழைப்பு வேலைக்குப் பெர்மிட். நடுத்தரத் தொழில்நுட்ப வேலைக்கு எஸ்-பாஸ். இன்ஜினீயர், கணக்காளர், மேலாளர் போன்றவர்களுக்கு இ-பாஸ்.

இந்த இ-பாஸை வேலைக்குப் போகிறவர் கேட்கவே முடியாது. வேலை கொடுக்கும் கம்பெனிதான் சிங்கப்பூர் மனிதவள அமைச்சிடம் விண்ணப்பம் போடணும். இல்லாவிட்டால் அந்தக் கம்பெனி நியமித்த, அங்கே லைசென்ஸ் உள்ள ஏஜென்சி போடணும். விண்ணப்பக் கட்டணம் 105 வெள்ளி. இன்றைய மதிப்பில் பத்தாயிரம் ரூபாய்கூட ஆகாது.

கம்பெனி இல்லாமல் விண்ணப்பம் கிடையாது. விண்ணப்பம் இல்லாமல் பாஸ் கிடையாது. அப்படியானால் கம்பெனி பெயரையே சொல்லாமல் “பாஸ் வாங்கித் தர்றேன்” என்று முன்பணம் கேட்கிறவர் எதை விற்கிறார்? காற்றைத்தான்!

40 மார்க் கணக்கு

2023 செப்டம்பர் முதல் தேதியில் இருந்து புது விண்ணப்பங்களுக்கு மார்க் போடும் முறை வந்துவிட்டது. ‘காம்பஸ்’ என்று பெயர். பாஸாக 40 மார்க் வேணும்.

முதலில் சம்பளம். குறைந்தபட்சம் 5,600 வெள்ளி என்று 2025 ஜனவரியில் உயர்த்தினார்கள். நம் கணக்கில் மூன்றரை லட்சத்துக்கு மேல். அதுவும் சின்ன வயசுக்காரருக்குத்தான். வயசு கூடக்கூட வரம்பும் கூடும். 45 வயசானால் 10,700 வெள்ளி. நிதித்துறைக்கு இதைவிட அதிகம். இந்த வரம்பைத் தாண்டிய பிறகுதான் மார்க்கே ஆரம்பம்.

அதே துறையில் உள்ளூர்க்காரர் வாங்கும் சம்பளத்தோடு ஒப்பிட்டு 20, 10 அல்லது பூஜ்யம். படிப்புக்கு ஒரு மார்க். உலக அளவில் முன்னணிப் பல்கலைக்கழகம் என்றால் 20. மற்ற பட்டத்துக்கு 10. கம்பெனியில் எந்த நாட்டுக்காரர் எத்தனை பேர் என்பதற்கு ஒன்று. உள்ளூர்க்காரருக்கு எவ்வளவு வேலை கொடுத்திருக்கிறது என்பதற்கு ஒன்று. ஆள் பற்றாக்குறை உள்ள தொழில் என்றால் கூடுதல் மார்க் உண்டு.

மாதம் 22,500 வெள்ளிக்கு மேல் சம்பளம் வாங்குகிற பெரிய தலைகளுக்கு இந்தப் பரீட்சை கிடையாது. நம் பிள்ளைக்கு உண்டு.

“நம்ம ஆள்” இருந்தால் நஷ்டம்!

ஏஜெண்டுகளின் பெரிய ஆயுதம், “கம்பெனி பூரா நம்ம ஆளுங்கதான்” என்பது. கேட்கிற அப்பாவுக்கு மனசு குளிர்ந்துவிடும்.

ஆனால் மார்க் கணக்கில் இது தலைகீழ். கம்பெனியின் அதிகாரி, நிபுணர் மட்டத்து ஊழியர்களில் விண்ணப்பதாரரின் நாட்டுக்காரர் நூற்றுக்கு 5-க்கும் குறைவு என்றால் 20 மார்க். 25 அல்லது அதற்கு மேல் என்றால் பூஜ்யம்! இந்த மட்டத்தில் 25 பேருக்கும் குறைவாக உள்ள சின்னக் கம்பெனிக்கு மட்டும் கடைசி இரண்டுக்கும் தலா 10 மார்க் கொடுத்துவிடுவார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் பையனுக்குச் சம்பளத்தில் 10, பட்டத்தில் 10. சின்னக் கம்பெனி என்றால் இன்னொரு 20 சேர்ந்து 40. பாஸ்! அதே பையன், அதே பட்டம், அதே சம்பளம். இந்தியர்கள் நிறைந்த, உள்ளூர்க்காரர் மிகக் குறைவாக உள்ள பெரிய கம்பெனி என்றால் வெறும் 20. கூடுதல் மார்க் ஏதும் இல்லையென்றால் ஃபெயில்!

“நம்ம ஆள் நிறைய” என்பதை நம்பித்தான் பணம் கட்டுகிறோம். அதுவே பையனைக் கவிழ்க்கிறது. சிங்கப்பூர்க்காரரைக் குறை சொல்ல முடியுமா? அவர் பிள்ளைக்கும் வேலை வேணுமே. புதுக்கோட்டைப் பிள்ளைக்கு வேலை வேணும் என்று நாம் கேட்பதுபோலத்தான் அவரும் கேட்கிறார்.

காகிதத்தில் ஒன்று, கையில் ஒன்று

இன்னொரு தந்திரம். “காகிதத்தில் 5,600 வெள்ளி போட்டுக்கலாம். கையில் 2,500 வரும். மிச்சத்தை முதலாளிக்குத் திருப்பிக் கொடுத்துடணும்.” சாமர்த்தியம் மாதிரித் தெரியும். சட்டப்படி குற்றம்! வேலை கொடுத்ததற்காக ஊழியரிடம் பணம் பிடுங்கும் முதலாளிக்கு 30 ஆயிரம் வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை. தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்தவர் யாராக இருந்தாலும் 20 ஆயிரம் வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை. கையெழுத்துப் போட்ட நம் பையனும் இதில் சேர்த்திதான்.

பட்டமும் அப்படியே. விண்ணப்பத்தில் காட்டும் பட்டத்தைத் தனி நிறுவனம் சரிபார்த்துச் சான்று தரணும் என்பது 2023 செப்டம்பரில் இருந்து நடைமுறை. இமாச்சலப்பிரதேசம் சோலனில் உள்ள மானவ் பாரதி பல்கலைக்கழகத்தின் போலிப் பட்ட விவகாரம் நினைவிருக்கலாம். அங்கே பட்டம் வாங்கியதாகச் சொன்ன 15 பேரை விசாரிப்பதாக 2021-ல் சிங்கப்பூர் அமைச்சு அறிவித்தது. சோலனில் விற்ற காகிதம் சிங்கப்பூரில் மாட்டியது!

“விசிட் விசாவில் போ, போய் மாத்திக்கலாம்” என்பதும் குழிதான். பாஸ் இல்லாமல் வேலை செய்தால் அதற்கும் 20 ஆயிரம் வெள்ளி, 2 ஆண்டு வரை போகும். “பெண்டாட்டி பிள்ளையும் கூடவே போகலாம்” என்பார்கள். அதற்குச் சம்பளம் 6,000 வெள்ளியாவது இருக்கணும். வேலை போனால் பாஸும் போச்சு. பிறகு தங்க 30 நாள்தான்.

சிங்கப்பூர் மட்டும் இப்படி என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவின் எச்-1பி விசா வருஷத்துக்கு 85 ஆயிரம். அதையும் கம்பெனிதான் கேட்கணும். வெளிநாட்டில் இருந்து புதிதாக வருகிறவருக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று 2025 செப்டம்பரில் அங்கே உத்தரவு வந்தபோது, அந்தச் சுமையையும் கம்பெனி தலையில்தான் வைத்தார்கள்.

இங்கே யார் காவல்?

பத்தாவது தேறாதவர் சவூதிக்கோ மலேசியாவுக்கோ வேலைக்குப் போனால், புறப்படும் முன் மத்திய அரசின் குடிபெயர்வோர் பாதுகாவலர் அனுமதி வேணும். இப்படி 18 நாடுகள். ஒப்பந்தத்தை ஓர் அதிகாரி கண்ணாலாவது பார்ப்பார்.

பட்டதாரிக்கு அது கிடையாது. சிங்கப்பூர் அந்த 18-ல் இல்லவே இல்லை. “படித்தவன், தானே பார்த்துக்குவான்” என்பது சர்க்கார் நினைப்பு. படித்த பையனைத்தான் இங்கே மொட்டை அடிக்கிறார்கள்!

சட்டம் இல்லாமல் இல்லை. 1983-ம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி, பதிவு பெறாதவர் வெளிநாட்டு வேலைக்கு ஆள் பிடிப்பதே குற்றம். பதிவு பெற்ற ஏஜெண்டும் 30 ஆயிரம் ரூபாயும் அதற்கு ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். ரசீது தரணும். ஆனால் பதிவில்லாமல் ஆள் பிடித்தவருக்கு அந்தச் சட்டத்தில் எழுதியிருக்கும் அபராதம் எவ்வளவு தெரியுமா? அதிகபட்சம் 2 ஆயிரம் ரூபாய்! 2 ஆண்டு வரை சிறை உண்டு என்பது உண்மை. ஆனால் லட்சக்கணக்கில் சுருட்டுகிறவருக்கு 2 ஆயிரம் என்பது ஒரு வேளை பிரியாணிச் செலவு.

பழைய 420 இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 318 ஆகிவிட்டது. 7 ஆண்டு வரை சிறை கிடைக்கும். ஆனால் வழக்கு அதுவரை போனால்தானே? “பாதிப் பணத்தை வாங்கிக்க, மனுவை வாபஸ் வாங்கிக்க” என்று ஊர்ப் பெரியமனுஷர்கள் சமரசத்துக்கு வந்துவிடுவார்கள். கடன்பட்ட குடும்பம் தலையாட்டும். ஏஜெண்டு அடுத்த ஊருக்குப் போவார்.

எல்லா ஏஜெண்டும் திருடர் என்று சொல்லவில்லை. ஒழுங்காக அனுப்பி, குடும்பங்களைக் கரையேற்றியவர்களும் இருக்கிறார்கள். சிங்கப்பூர்ச் சட்டமே லைசென்ஸ் உள்ள ஏஜென்சி, ஊழியரிடம் அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம் வரை கட்டணம் வாங்க அனுமதிக்கிறது. அப்படிப்பட்டவர் கம்பெனி பெயரைச் சொல்வார், ரசீது கொடுப்பார்.

பணம் கட்டுகிற பெற்றோரைப் “பேராசைக்காரர்” என்று ஏசுவதும் தப்பு. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்பைச் சாய்த்துப் போட்ட ஊர்களில், மிச்சம் இருந்த சொத்து பிள்ளையின் படிப்பு ஒன்றுதான். அதைக் காசாக்கப் பார்ப்பது ஆசை இல்லை, வயிற்றுப்பாடு.

ஒரு மேஜை போதும்

கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை தோறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. அங்கே ஒரே ஒரு மேஜை போடுங்கள். ஒரு கம்ப்யூட்டர், விவரம் தெரிந்த ஓர் ஊழியர். சிங்கப்பூர் அமைச்சின் இணையதளத்தில் பாஸ்போர்ட் எண்ணைப் போட்டு விண்ணப்பம் உண்மையா என்று பார்த்துச் சொல்லட்டும். ஏஜெண்டு பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பார்த்துச் சொல்லட்டும். சில நிமிட வேலை! 1978-ல் இருந்து தமிழக அரசுக்கே சொந்தமாக அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. அதன் அறிவிப்புப் பலகை ஒன்று நம் கல்லூரிகளிலும் தொங்கட்டும்.

மேஜை வரும்வரை பெற்றோர்களே, நீங்களே காவல்காரர். பணம் கேட்டு வருகிறவரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள். “எந்தக் கம்பெனி? விண்ணப்பம் போட்டாச்சா? உங்க லைசென்ஸ் நம்பர் என்ன?”

மூன்றுக்கும் பதில் வந்தால் மேலே பேசலாம். “அதெல்லாம் அப்புறம், முதலில் அட்வான்ஸ்” என்றால், காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். நகை கழுத்திலேயே இருக்கட்டும்.