திறமைசாலி பின்னால் நிற்கட்டும்

குதிரைப் பந்தயத்தில் பேர்பெற்ற குதிரையின் முதுகில் கூடுதல் எடையை ஏற்றி ஓடவிடுவது வழக்கம். 'ஹாண்டிகாப்' என்ற இந்த ஏற்பாடு துப்பாக்கி சுடும் போட்டியிலும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. நம் நாட்டுத் துப்பாக்கிக் கழகங்கள் இதில் கருத்துச் செலுத்த வேண்டும்.

அமெரிக்காவில் நடக்கும் 'டிராப்' போட்டியை எடுத்துக்கொள்வோம். இயந்திரம் ஒன்று சுமார் நாலேகால் அங்குல அகலமுள்ள தட்டை வானில் வீசும். பறக்கும் தட்டைச் சுட்டு உடைக்க வேண்டும். சாதாரணப் போட்டியில் எல்லோருக்கும் தூரம் 16 கஜம். ஹாண்டிகாப் போட்டியில் தேர்ந்தவர் பின்னால் போய் நிற்க வேண்டும். கடைசிக் கோடு 27 கஜம், அதாவது 81 அடி. 100 தட்டில் 96 உடைத்தவருக்கு அரை கஜம் கூடும். 100-ம் உடைத்தவருக்கு ஒரு கஜம் கூடும். தொடர்ந்து சோடை போகிறவரைப் பழைய கணக்கைப் பார்த்து முன்னால் கொண்டுவருவதும் உண்டு.

"இது திறமைக்குத் தண்டனை அல்லவா?" என்று சிலர் கேட்கக்கூடும். 1900-ல் களிமண் தட்டுகளைக் கொண்டு முதன்முதலாக நடந்த கிராண்ட் அமெரிக்கன் ஹாண்டிகாப் போட்டியில் வென்றவர் ரோலா ஹைக்ஸ். அவர் 22 கஜத்தில் நின்று 100-க்கு 91 உடைத்தார். பின்னால் நின்றதால் அவர் புகழ் குறையவில்லை, கூடியது. தவிர, எல்லோரும் 16 கஜத்தில் நிற்கும் சாம்பியன் போட்டியும் அங்கே தனியாக நடக்கிறது. யார் சிறந்தவர் என்பதை அது சொல்லும்.

இந்த முறைக்கு ஒரு நோய் உண்டு. வேண்டுமென்றே சில தட்டுகளைத் தவறவிட்டு, முன்வரிசையிலேயே தங்கி, பெரிய பரிசு வரும் நாளில் கைவரிசையைக் காட்டுகிறவர்கள் உண்டு. இது மற்றவன் பையில் கைவிடுவதற்குச் சமம். ஆகவே ஒவ்வொரு சுற்றின் கணக்கும் ஒழுங்காகப் பதிவாக வேண்டும். பதிவேடு பொய்யானால் நியாயமும் பொய்யாகிவிடும்.

துக்ளகாபாத் என்றால் டில்லித் தமிழர்களுக்கு ரயில் நிலையம்தான் நினைவுக்கு வரும். 1962-ல் கெய்ரோ உலகப் போட்டியில், இதே டிராப் பிரிவில், வெள்ளி வென்ற கர்ணி சிங்கின் பெயரைத் தாங்கிய சுடுதளமும் அங்கேதான் இருக்கிறது. 1982 ஆசிய விளையாட்டின்போது அங்கே போட்டிகள் நடந்தன. ஒலிம்பிக்கில் ஹாண்டிகாப் கிடையாது, இருக்கவும் கூடாது. ஆனால் கழகப் போட்டி, இலாகாப் போட்டி வேறு. 60 தட்டு உடைக்கும் புதியவன் 95 உடைப்பவன் பக்கத்தில் நின்றால், முதல் தோட்டா வெடிக்குமுன்பே முடிவு தெரிந்துவிடும். தோட்டாவுக்குக் காசு கொடுத்தவன் அவன்தான். தோட்டா மலிவான சரக்கல்ல. அடுத்த வருஷம் அவன் வரமாட்டான். பணமும் ஓய்வும் உள்ள நாலு பேர் மட்டுமே களத்தில் மிஞ்சுவார்கள். அவர்களிலிருந்தா நாட்டுக்கு வீரர்களைப் பொறுக்குவது?

எனவே கழகங்கள் வருஷத்துக்கு ஒரு ஹாண்டிகாப் போட்டியாவது நடத்திப் பார்க்கட்டும். புதியவன் முன்னால் நின்று தொடங்கட்டும். கணக்கு ஏற ஏற அவனும் அரை அரை கஜமாகப் பின்னால் போவான். இந்த ஒரு விளையாட்டில் பின்னால் தள்ளப்படுவதே பதவி உயர்வு.