புரியாத வரைக்கும்தான் புனிதம்

மறைமலை நகர் ஸ்டேஷனில் இறங்கி ஷிஃப்டுக்கு ஓடுகிறவர்களுக்கு அந்தப் பெயர் ஒரு நிறுத்தம், அவ்வளவுதான். ஆனால் பெயருக்குள் ஒரு சண்டை இருக்கிறது. 1876-இல் நாகப்பட்டினத்தில் பிறந்த வேதாசலம், 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியபோது வேதத்தை ‘மறை’ ஆக்கி, அசலத்தை ‘மலை’ ஆக்கி, மறைமலையடிகள் ஆனார். அவர் நடத்திய ‘ஞானசாகரம்’ இதழ் ‘அறிவுக்கடல்’ ஆனது. இதுவரைக்கும் பலருக்குத் தெரியும். அதிகம் பேசப்படாத இன்னொன்று உண்டு: இதே மனிதர்தான் 1907-இல் காளிதாசரின் சாகுந்தலத்தைத் தமிழாக்கினார். பிறகு அந்த நாடகத்தைப் பற்றித் தனியாக ஓர் ஆராய்ச்சி நூலும் எழுதினார்.

வேண்டாம் என்றவருக்கு அந்த மொழி தெரிந்திருந்தது. இன்றைக்கு ‘நம் பண்பாட்டின் வேர்’ என்று மேடையில் முழங்குகிறவர்களில் எத்தனை பேருக்குச் சாகுந்தலத்தில் ஒரு பக்கத்தை உரை உதவியில்லாமல் படிக்க வரும்? படிக்க வரத் தேவையில்லை என்பதுதான் விஷயமே. இன்றைய பொதுவாழ்வில் சமஸ்கிருதம் முத்திரையாகக் குத்தப்படுகிறது. முத்திரைக்கு வாசகர் எதற்கு?

பெரிய உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டம் ‘பாரதிய நியாய சன்ஹிதா’. குற்றவியல் நடைமுறைச் சட்டம் ‘பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா’. சாட்சியச் சட்டம் ‘பாரதிய சாக்ஷ்ய அதிநியம்’. “அது இந்திங்க, சமஸ்கிருதம் இல்ல” என்று ஒரு பதில் வரும். உச்சரிப்பு இந்தி, சொற்கள் அத்தனையும் சமஸ்கிருதம். இந்திக்குச் சொல் வேண்டுமென்றால் முதன்மையாகச் சமஸ்கிருதத்திலிருந்து எடு என்று அரசியல் சாசனத்தின் 351-வது பிரிவே சொல்கிறது. காலனியத்தைத் துடைத்தெறிந்தோம் என்றார்கள். அட்டையைத் திருப்பினால் உள்ளே ஆங்கிலம். 348-வது பிரிவின்படி ஆங்கில வாசகம்தான் அதிகாரபூர்வமானது. மெக்காலே பத்திரமாக உள்ளேயே உட்கார்ந்திருக்கிறார், வாசலில் போர்டு மட்டும் மாறியிருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், நியாயமும் சாட்சியும் எப்போதோ நம் ஊருக்கு வந்துவிட்ட சொற்கள். “நீ சாட்சி சொல்ல வருவியா?” என்று கேட்டால் எந்தக் கிராமத்திலும் புரியும். (அடிகள் இந்தக் கட்டுரையைப் படித்தால் இரண்டையும் அடித்துவிட்டு வேறு சொல் எழுதியிருப்பார். அந்த அளவுக்கு நான் அவர் கட்சி இல்லை.) சமஸ்கிருதம் உயிரோடு இருக்கும் இடம் இதுதான்: நாக்கு மாறி, எழுத்து மாறி, ‘சாட்சி’ ஆகி, சந்தையில் புழங்கும் இடம். அதை மறுபடி ‘சாக்ஷ்ய’ ஆக்கி எட்டாத உயரத்தில் வைப்பதற்குப் பெயர் மரியாதையாம். ‘நாகரிக்’ என்றால் குடிமகன். தமிழ்க் காதுக்கு அது நாகரிகமாக நடந்துகொள்வது பற்றிய சட்டம் போலத்தான் கேட்கும்.

“ராஜாக்கள் காலத்திலேயே சமஸ்கிருதம்தானே?” என்று கேட்பவர்கள் செப்பேடுகளைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம். நந்திவர்ம பல்லவனின் காசாக்குடிச் செப்பேட்டில் முன்பகுதி சமஸ்கிருதம்: வம்சப் பெருமை, பிரம்மாவிலிருந்து தொடங்கும் பரம்பரை, போர் வெற்றிகள். அது பந்தாதான், சந்தேகமில்லை. ஆனால் கொடுத்த நிலத்தின் கிழக்கெல்லை எது, மேற்கெல்லை எது, கல்லும் கள்ளியும் எங்கே நட்டார்கள், எந்த வரி தள்ளுபடி என்று வரும்போது ஏடு தமிழுக்கு மாறிவிடுகிறது. ராஜேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடும் இப்படித்தான்: முதலில் சமஸ்கிருதம், பிறகு நீளமாகத் தமிழ். பல்லவனுக்கும் சோழனுக்கும் ஒன்று தெரிந்திருந்தது. புகழ் புரியாவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை, எல்லை புரியாவிட்டால் வெட்டுக்குத்து. நாம் 1,200 வருஷம் கழித்துச் செய்திருக்கும் முன்னேற்றம், பெருமைக்குச் சமஸ்கிருதம், எல்லைக்கு ஆங்கிலம்.

இந்தத் தொழிற்சாலை வட்டாரத்தின் மறுமுனை ஸ்ரீபெரும்புதூர். ஹூண்டாய்க்கு முன்னால் அது ராமானுஜர் பிறந்த ஊர். அவர் பெயரில் வழங்கும் ஒன்பது நூல்களும் சமஸ்கிருதம். பாரதம் முழுக்க இருந்த பண்டிதர்களோடு வாதாட அன்றைக்கு அதுதான் வழி. ஆனால் அவர் மரபுக் கோயில்களில் பெருமாள் புறப்பாட்டைப் பாருங்கள்: தமிழ்ப் பிரபந்தம் பாடும் கோஷ்டி முன்னால், வேத கோஷ்டி பின்னால். இரண்டு மொழியும் வேலை செய்தன. எதுவும் ஷோகேஸ் பொம்மையாக இல்லை.

என் தொழிலையும் இந்த விவகாரம் விட்டுவைக்கவில்லை. ‘கம்ப்யூட்டருக்கு ஏற்ற மொழி சமஸ்கிருதம்னு நாசாவே சொல்லிடுச்சு’ என்ற ஃபார்வர்ட் வராத குடும்ப வாட்ஸப் குழு உண்டா? 2019-இல் மும்பை ஐஐடி பட்டமளிப்பு விழாவிலேயே மத்திய அமைச்சர் ரமேஷ் பொக்ரியால் இதன் ஒரு வடிவத்தைச் சொன்னார். இதன் மூலம், நாசா வளாகத்தில் பணியாற்றிய ரிக் பிரிக்ஸ் 1985-இல் ‘ஏஐ மேகஸின்’ இதழில் எழுதிய கட்டுரை. ஒரு வாக்கியத்தின் பொருளைச் சமஸ்கிருத இலக்கணக்காரர்கள் பிரித்து விளக்கிய முறை, அன்றைய செயற்கை அறிவு ஆய்வின் பொருள் வலைப்பின்னல்களை ஒத்திருக்கிறது என்பது அவர் வாதம். புரோகிராம் எழுத உகந்த மொழி என்று அதில் எங்கும் இல்லை. இதில் எனக்குக் கோபம் பாணினியின் சார்பில்தான். ஏறத்தாழ நாலாயிரம் சூத்திரங்களில் ஒரு மொழியை அடக்கி, விதிகள் மோதினால் எது ஜெயிக்கும் என்பதற்கும் விதி வைத்தவர் அவர். புரோகிராமிங் மொழிகளின் இலக்கணத்தை எழுதும் பேக்கஸ் முறைக்குப் பாணினியின் பெயரையும் சேர்க்கலாம் என்று 1967-இல் இங்கர்மன் என்பவர் முன்மொழிந்தார். படித்தால் பிரமிக்கலாம். ஃபார்வர்ட் அனுப்புகிறவருக்கோ நாசா என்ற சீல் கிடைத்தால் போதும்.

பணக் கணக்கும் உண்டு. 2017-18 தொடங்கி மூன்று ஆண்டுகளில் சமஸ்கிருத வளர்ச்சிக்கு மத்திய அரசு செலவிட்டது 643.84 கோடி ரூபாய். தமிழ் உள்ளிட்ட மற்ற ஐந்து செம்மொழிகளுக்கும் சேர்த்து சுமார் 29 கோடி. 2011 கணக்கெடுப்பில் சமஸ்கிருதத்தைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் 24,821 பேர். இந்த எண்களைச் சொல்லிவிட்டு நம் ஆட்கள் ஜெயித்த முகத்தோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். நம் பக்கம் மட்டும் என்ன வாழ்கிறது? அரசு முத்திரையில் ‘வாய்மையே வெல்லும்’ என்று தமிழில் போட்டுக்கொண்டோம். மறைமலையின் பெயர் கொண்ட ஊரில் கான்ட்ராக்ட் தொழிலாளி கையெழுத்துப் போடும் தாள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. மேடையில் மட்டும் வாழும் தமிழும் முத்திரைதான்.

1948-இன் தொழிற்சாலைகள் சட்டத்தில் 108-வது பிரிவு என்று ஒன்று. ஆலையில் வைக்கும் அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், தொழிலாளர்களில் பெரும்பான்மையோருக்குப் புரியும் ஒரு மொழியிலும் இருக்க வேண்டும் என்றது. எந்த மொழி உயர்ந்தது என்று அது கேட்கவில்லை. பிரஸ் மெஷின் பக்கத்தில் எழுதியிருப்பது புரியவில்லை என்றால் கை போய்விடும், அதனால் புரியும் மொழி. ஜெயிலுக்கு அனுப்பக்கூடிய சட்டத்தின் பெயருக்கு இந்த மரியாதைகூடக் கிடையாதா? 420 என்ற எண் ஒருகாலத்தில் ஏமாற்றுக்காரனுக்குத் தமிழ்நாட்டிலேயே பெயராகிவிட்டிருந்தது. சட்டம் மக்கள் வாய்க்குள் போனால் அப்படித்தான் ஆகும். இப்போது அது 318. போலீஸ் ஸ்டேஷனிலோ கோர்ட்டிலோ அந்தச் சட்டத்தின் முழுப்பெயரைச் சொல்ல யாருக்கும் நேரமில்லை. ஏட்டய்யாவும் வக்கீலும் சொல்வது ‘பி.என்.எஸ்.’. மூன்றும் ஆங்கில எழுத்து.