பாஸ்போர்ட்டைப் பறித்தவர் கேட்கும் பாஸ்போர்ட்

இரண்டாம் உலகப் போரில் பெரு உள்ளிட்ட லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து ஜப்பானிய வம்சாவளியினர் 2,200-க்கும் மேற்பட்டோரை அமெரிக்கா பிடித்துச் சென்று முகாம்களில் அடைத்தது. ஜப்பானிடம் சிக்கிய அமெரிக்கர்களை மீட்கப் பண்டமாற்றுப் பொருளாக இவர்கள் தேவைப்பட்டார்கள். கப்பலிலேயே பாஸ்போர்ட்டுகளைப் பறித்துக்கொண்டு, கரை இறங்கியதும் ‘சட்டவிரோதமாக நுழைந்தவர்கள்’ என்று முத்திரை குத்தினார்கள். எத்தனை பெரிய அநியாயம்! போரின்போது இதேபோல் முகாம்களில் அடைக்கப்பட்ட அமெரிக்க ஜப்பானியருக்கு 1988-இல் மன்னிப்போடு தலா 20,000 டாலர் வழங்கிய சட்டம், அந்த முத்திரையைக் காட்டியே இவர்களை ஒதுக்கியது. வழக்குத் தொடுத்த பிறகு, 1998-இல் சமரசமாகக் கிடைத்தது தலா 5,000 டாலர்தான்.

பெரு அரசுதானே ஒப்படைத்தது, அமெரிக்கா ஏன் பொறுப்பேற்க வேண்டும் என்பார்கள். பெருவின் குற்றம் உண்மை. 2011-இல் அதன் அதிபர் ஆலன் கார்சியா மன்னிப்பும் கேட்டார். ஆனால் கப்பலும் காவலும் டெக்சாஸின் கிரிஸ்டல் சிட்டி முகாமும் அமெரிக்காவுடையவை. பழைய கதை, சமரசத்தோடு முடிந்தது என்பதும் பொருந்தாது. அந்த 5,000 டாலரை ஏற்க மறுத்த, முகாமில் அடைபட்ட சகோதரர்கள் சிலரின் மனுவில், அமெரிக்காவே பொறுப்பு என்று அமெரிக்க நாடுகளின் மனித உரிமை ஆணையம் 2020-இல் அறிவித்தது. எஞ்சியிருப்போர் முதுமையில் இருக்கிறார்கள். முழு இழப்பீட்டை அமெரிக்கா இனியும் தள்ளிப்போடக் கூடாது.