777 போட்டால் சரியாகாது

டேட்டாபேஸ் ஸ்டார்ட் ஆகவில்லை, லாக்கில் 'பர்மிஷன் டினைடு' என்று நிற்கிறது. உடனே பக்கத்து சீட்டிலிருந்து யோசனை வரும்: "சிஎச்மாட் 777 போடுங்க, ஓடிடும்." இதைவிடக் கேடான யோசனை இந்தத் தொழிலில் அதிகமில்லை.

போஸ்ட்கிரெஸில் போட்டால் அது கிளம்பவே கிளம்பாது. அதன் டேட்டா டைரக்டரிக்கு 0700 அனுமதி வேண்டும். 2018இல் வந்த 11ஆம் பதிப்பிலிருந்து 0750யும் செல்லும். அதற்கு மேல் தளர்த்தினால் ஸ்டார்ட் ஆக மறுத்து, சரியான எண்களையும் லாக்கில் எழுதுகிறது. அந்த வரியைப் படிக்கத்தான் ஆளில்லை.

மைஎஸ்கியூஎல் பெரும்பாலும் ஓடிவிடும். இந்த நம்பிக்கை பிழைத்துக் கிடப்பதே அதனால்தான். ஆனால், 777 என்பது எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தருவது. அதே சர்வரில் இருக்கும் வெப்சைட்டில் ஓர் ஓட்டை இருந்தால் போதும். அதன் வழியே நுழைபவர் டேட்டாபேஸ் பாஸ்வேர்டே தெரியாமல் டேபிள் ஃபைல்களை அள்ளிக்கொண்டு போகலாம், அழித்துவிட்டும் போகலாம். அதில் இருப்பவை ஜனங்கள் நம்மை நம்பிக் கொடுத்த பெயரும் போன் நம்பரும் முகவரியும். நம் அவசரத்துக்கு அவற்றைத் திறந்து போட நமக்கு உரிமையில்லை.

பெரும்பாலும் கோளாறு ஃபைல் யார் பெயரில் இருக்கிறது என்பதில்தான். ரூட்டாக லாகின் செய்து பேக்கப்பைக் காப்பி செய்தால் எல்லாம் ரூட் பெயரில் விழும். சர்வீஸ் ஓடுவதோ தனக்கென்று உள்ள வேறொரு யூசராக. எல்எஸ் மைனஸ் எல் அடித்தால் மூன்றாவது நெடுவரிசையில் அது பளிச்சென்று தெரியும். சிஎச்ஓன் போட்டு உரியவர் பெயருக்கு மாற்றினால் வேலை முடிந்தது. அதுவும் சரியாக இருந்தால் மேலே உள்ள ஒவ்வொரு டைரக்டரியிலும் அந்த யூசர் நுழைய முடிகிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்று அடைத்திருந்தாலும் உள்ளே போக வழியில்லை.

டேட்டாவைப் புது டிஸ்க்குக்கு மாற்றியிருந்தால் உபுண்டுவில் ஆப்ஆர்மரும் ரெட்ஹாட்டில் எஸ்இலினக்ஸும் தனிக் காவலாக நின்று தடுக்கலாம். அங்கே 777 எடுபடாது. அப்போதும், "எஸ்இலினக்ஸையே ஆஃப் பண்ணிடுங்க" என்பார்களே தவிர, புது இடத்துக்கு உரிய லேபிளைப் போடச் சொல்லமாட்டார்கள்.

777ஐ மைனஸ் ஆர் சேர்த்து, உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் அடிப்பவர்களை நினைத்தால் பதறுகிறது. எந்த ஃபைலுக்கு முன்பு என்ன அனுமதி இருந்தது என்பதை லினக்ஸ் தானாகக் குறித்து வைப்பதில்லை. கெட்எஃப்ஏசிஎல் போட்டு முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால் பழையபடி திருப்பலாம். இல்லையென்றால் ஒவ்வொன்றாகத் தேடித் திருத்த வேண்டியதுதான்.