இடுப்பில் ஒரு பிஸ்டல்: யாருக்குப் பாதுகாப்பு?

உயிருக்கு ஆபத்து என்று குடிமகன் முறையிட்டால் காவலரை அனுப்பி வைப்பது அரசின் கடமை. அதை விடுத்து, துப்பாக்கி உரிமம் தருகிறோம், உங்களை நீங்களே காத்துக் கொள்ளுங்கள் என்று அரசே கூறத் தொடங்கினால் அதற்கு என்ன பொருள்? அசாமில் எழுந்துள்ள கேள்வி இதுதான்.

2025-ம் ஆண்டு மே 28-ம் தேதி, முதல்வர் ஹிமந்த விஸ்வ சர்மா தலைமையிலான அசாம் அமைச்சரவை ஒரு முடிவை எடுத்தது. பாதிப்புக்குள்ளாகக்கூடிய, தொலைதூரப் பகுதிகளில் வசிக்கும் அம்மண்ணின் பூர்வகுடி மக்களுக்குத் துப்பாக்கி உரிமம் வழங்குவது என்பதே அந்த முடிவு. துப்ரி, பர்பேட்டா, மோரிகாவோன், நகாவோன், தெற்கு சல்மாரா-மன்காச்சார் போன்ற மாவட்டங்கள் இதற்காகக் குறிப்பிடப்பட்டன. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் இணையவழி விண்ணப்பமும் தொடங்கப்பட்டது. எல்லை மாவட்டங்களில் சிறுபான்மையினராகிவிட்ட மக்களின் நீண்ட நாள் கோரிக்கை இது என்பது அரசின் வாதம்.

அச்சத்துக்கு மருந்து ஆயுதம் என்னும் எண்ணம் அசாமில் மட்டும் இருப்பதல்ல. வட மாநிலங்களில் வணிகர், ஒப்பந்ததாரர், நிலச்சுவான்தார், அரசியல்வாதி எனப் பலரும் மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் உரிமம் கேட்டுக் காத்திருக்கின்றனர். அவர்களில் பலர் விரும்புவது வீட்டில் மாட்டி வைக்கும் இரட்டைக்குழல் துப்பாக்கியை அல்ல. சட்டைக்குள் மறைத்து அன்றாடம் உடன் எடுத்துச் செல்லக்கூடிய சிறிய பிஸ்டலையே அவர்கள் நாடுகின்றனர். எனவே, அந்தச் சிறு ஆயுதம் உண்மையில் யாரைக் காக்கிறது என்று ஆராய்வது அவசியமாகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். ராணுவமும் காவல்துறையும் பயன்படுத்தும் 9 மில்லிமீட்டர் பிஸ்டல் தடை செய்யப்பட்ட ரகம். சாதாரணக் குடிமகன் உரிமம் பெற்று வாங்கக்கூடிய கைத்துப்பாக்கிகளில் பரவலானது .32 ரகம். ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வைத்திருக்கலாம் என்றிருந்ததை 2019-ம் ஆண்டுத் திருத்தம் இரண்டாகக் குறைத்தது. உரிமத்தின் காலத்தை மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாக உயர்த்தியதும் அதே திருத்தம்தான். 2016-ம் ஆண்டின் ஆயுத விதிகள், பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறைக்குள் முழுவதும் மூடப்பட்டிருக்க வேண்டும், அதை எடுத்துக் காட்டி மிரட்டக் கூடாது என்கின்றன. ஆக, மறைத்து எடுத்துச் செல்வதே சட்டப்படியான முறையாகிறது.

மேற்கு வங்கத்தின் ஈஷாப்பூர் ஆயுதத் தொழிற்சாலை தயாரித்து வந்த .32 பிஸ்டல், இந்தியக் குடிமக்களிடையே பழகிப்போன ஆயுதம். இது "சிங்கிள் ஆக்‌ஷன்" எனப்படும் வகையைச் சேர்ந்தது. இவ்வகை பிஸ்டலில் விசைக்கு ஒரே ஒரு வேலைதான் உண்டு. ஏற்கெனவே பின்னுக்கு இழுத்து வைக்கப்பட்ட சுத்தியலை விடுவிப்பது மட்டுமே அந்த வேலை. சுத்தியலைப் பின்னிழுப்பதும் முதல் தோட்டாவைக் குழலுக்குள் ஏற்றுவதும் மேல்பகுதியைக் கையால் இழுத்துவிடும்போதுதான் நிகழும். அடுத்தடுத்த தோட்டாக்களை ஆயுதமே ஏற்றிக் கொள்ளும்.

இதை இடுப்பில் சுமப்பவருக்கு முக்கியமாக இரண்டு வழிகள் உள்ளன. குழலில் தோட்டா ஏற்றாமல் வைத்திருப்பது ஒன்று. அது பாதுகாப்பானது. ஆனால், தாக்குபவன் முன்னால் நிற்கும்போது உறையிலிருந்து எடுத்து, இரு கைகளாலும் இழுத்து, குறிபார்த்துச் சுட நேரம் வேண்டும். ஒரு கை பிடிபட்டுவிட்டால் ஆயுதம் வெறும் இரும்புத்துண்டுதான். மற்றொரு வழி, தோட்டாவை ஏற்றி, சுத்தியலைப் பின்னிழுத்து, பாதுகாப்புப் பூட்டை மட்டும் போட்டு வைத்திருப்பது. அப்போது நொடியில் சுடலாம். ஆனால், பூட்டு தவறி விலகினால், சிறிய அழுத்தத்திலேயே வெடிக்கும் நிலையில் மரணம் இடுப்பில் தொங்கும்.

தக்க பயிற்சியும் நல்ல உறையும் அபாயத்தைக் குறைக்கும் என்பது உண்மையே. ஆனால், அந்தப் பயிற்சி ஓரிரு நாள் வகுப்பில் கைகூடுவதல்ல. வாரந்தோறும் பழகி, ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டியது. 2016-ம் ஆண்டின் விதிகள் பாதுகாப்புப் பயிற்சியைக் கட்டாயமாக்கியுள்ளன. ஆனால், உரிமதாரர் வாங்கக்கூடிய தோட்டாக்களுக்கு உச்சவரம்பு உண்டு. சுட்டுப் பழகும் மைதானங்களும் பெரும்பாலான மாவட்டங்களில் எளிதில் கிடைப்பதில்லை. பழகாத கையில் உள்ள பிஸ்டல், தாக்க வந்தவனுக்குக் கிடைக்கும் இன்னொரு ஆயுதமாகிவிடும் வாய்ப்பே அதிகம். தாக்குபவன் நேரத்தையும் இடத்தையும் தேர்ந்தெடுத்து வருகிறான். தற்காத்துக் கொள்பவருக்கு அந்த வசதி இல்லை.

2012-ம் ஆண்டு தில்லியில் ஓடும் பேருந்தில் மாணவி ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகி உயிரிழந்த கொடூரம் நாட்டை உலுக்கியது. அதன் பின்னர் 2014-ம் ஆண்டு ஜனவரியில், கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை "நிர்பீக்" என்ற பெயரில் பெண்களுக்கென்று ஒரு சிறிய ரிவால்வரை அறிமுகப்படுத்தியது. எடை சுமார் அரை கிலோ, விலை ரூ. 1 லட்சத்து 22 ஆயிரத்துக்கும் மேல். இரவில் பேருந்துக்காகக் காத்து நிற்கும் பெண்களில் எத்தனை பேரால் இதை வாங்க முடியும்? போதிய சொத்து இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் உரிமத்தை மறுக்கக் கூடாது என்று ஆயுதச் சட்டத்தின் 14-வது பிரிவு கூறுகிறது. ஆனால், சட்டம் மறுக்காததைச் சந்தை மறுத்துவிடுகிறது. தனியார் துப்பாக்கியை நம்பிய பாதுகாப்பு, பணம் உள்ளவனின் பாதுகாப்பாகவே முடியும்.

உரிமம் பெற்ற துப்பாக்கி நல்லவர் கையில்தான் இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது. 1999-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் தில்லி மெஹ்ரௌலியில் நடந்த விருந்தில், மது தர மறுத்த ஜெசிகா லால் சுட்டுக் கொல்லப்பட்டார். முன்னாள் மத்திய அமைச்சரின் மகனிடம் இருந்த .22 பெரெட்டா பிஸ்டலுக்கு முறையான உரிமம் இருந்தது. 2006-ம் ஆண்டு விசாரணை நீதிமன்றம் அனைவரையும் விடுவித்ததும், அதே ஆண்டு உயர் நீதிமன்றம் அவரைத் தண்டித்ததும், 2010-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்ததும் நாடறிந்த வரலாறு. அந்தத் துப்பாக்கி கடைசிவரை கைப்பற்றப்படவே இல்லை. இடுப்பில் பிஸ்டல் இல்லாதிருந்தால் வாய்ச்சண்டையோடு முடிந்திருக்கக்கூடிய சம்பவம் அது.

உரிமம் வழங்கும் முறையாவது ஒழுங்காக நடக்கிறதா? 2016-ம் ஆண்டு இறுதி நிலவரப்படி நாட்டில் சுமார் 33 லட்சத்து 69 ஆயிரம் துப்பாக்கி உரிமங்கள் இருந்தன. அவற்றில் சுமார் 12 லட்சத்து 77 ஆயிரம் உத்தரப் பிரதேசத்தில் மட்டும். தமிழகத்திலோ சுமார் 22 ஆயிரம். மக்கள்தொகையில் தமிழகத்தைப்போல மூன்று மடங்குகூட இல்லாத மாநிலத்தில் உரிமங்கள் 50 மடங்குக்கும் அதிகம். அதனால் உத்தரப் பிரதேச மக்கள் தமிழகத்தாரைவிட அச்சமின்றி வாழ்கிறார்கள் என்று எவரும் வாதிட முன்வர மாட்டார்கள். ஜம்மு-காஷ்மீரில் 2012 முதல் 2016 வரை 2 லட்சத்து 78 ஆயிரத்துக்கும் மேற்பட்ட உரிமங்கள் தகுதியற்றோருக்கு வழங்கப்பட்டதாக எழுந்த புகாரை மத்தியப் புலனாய்வுத் துறை விசாரித்தது. திருமண ஊர்வலங்களில் கொண்டாட்டத்துக்காகச் சுடுவதைத் தண்டிக்க 2019-ல் தனிப் பிரிவே சேர்க்க வேண்டி வந்தது. தற்காப்புக்கென வாங்கிய ஆயுதம் எதற்குப் பயன்படுகிறது என்பதற்கு அதுவே சாட்சி.

தேர்தல் வந்தால் உரிமதாரர்களின் துப்பாக்கிகளைப் பரிசீலித்து, தேவையானவற்றைக் காவல் நிலையங்களில் ஒப்படைக்கச் செய்வது வழக்கம். பதற்றம் மிகுந்த காலத்தில் பொது அமைதிக்கு ஊறு என்று அரசே கருதும் ஆயுதம், மற்ற நாள்களில் அமைதியின் காவலன் ஆகிவிடுமா?

ஆயுதச் சட்டம் அன்னியர் விதித்த அடிமைச் சங்கிலி என்றொரு வாதம் உண்டு. அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 1878-ம் ஆண்டு, லிட்டன் பிரபு காலத்தில் வந்த சட்டம் இந்தியரை நிராயுதபாணியாக்கி ஐரோப்பியருக்கு விலக்களித்தது. 1930-ம் ஆண்டு ஜனவரியில் மகாத்மா காந்தி முன்வைத்த பதினோரு அம்சக் கோரிக்கைகளில், தற்காப்புக்குத் துப்பாக்கி உரிமம் வழங்க வேண்டும் என்பதும் ஒன்று. ஆனால், அகிம்சையின் தூதர் அந்தக் கோரிக்கையோடு ஒரு நிபந்தனையையும் சேர்த்தே வைத்தார்: அது மக்களின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். இன ஒதுக்கலை எதிர்த்ததே அந்தக் கோரிக்கை. ஆளுக்கொரு துப்பாக்கி என்பது அதன் பொருளல்ல.

18 ஆண்டுகளுக்குப் பின், 1948-ம் ஆண்டு ஜனவரி 30-ம் தேதி, தில்லி பிர்லா மாளிகையின் பிரார்த்தனைத் திடலில் அவர் உடலில் பாய்ந்த மூன்று குண்டுகள், மறைத்து எடுத்து வரப்பட்ட ஒரு பிஸ்டலிலிருந்து வந்தவை. இத்தாலியத் தயாரிப்பான பெரெட்டா; சிறியது; அதுவும் சிங்கிள் ஆக்‌ஷன் வகைதான். கொலையாளி வணங்குவதற்காக நெருங்குகிறான் என்றே சுற்றி நின்றவர்கள் நினைத்தனர். மறைத்து வைத்த ஆயுதம், தற்காத்துக் கொள்பவனைவிடத் தாக்க வருபவனுக்கே பெரிதும் கைகொடுக்கும் என்பதற்கு இந்தியா அளித்த விலை அது.

அதே ஆண்டு டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத், ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை அடிப்படை உரிமையாக்கத் திருத்தம் கோரினார். அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடும் உரிமையையே அளித்தது. அமெரிக்காவில் உள்ளதுபோல் ஆயுதம் வைத்திருப்பது இங்கு அடிப்படை உரிமையல்ல என்று 2023-ம் ஆண்டு பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் சுட்டிக்காட்டியது. அதை உரிமையாகக் கொண்டாடும் அமெரிக்காவில், 2021-ம் ஆண்டில் மட்டும் துப்பாக்கியால் 48 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பாதிக்கும் அதிகமானோர் தங்களையே சுட்டுக் கொண்டவர்கள் என்பதை மறந்துவிடலாகாது.

குற்றவாளி உரிமம் கேட்பதில்லை, சட்டத்துக்கு அஞ்சுபவன்தான் வெறுங்கையோடு நிற்கிறான் என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். குற்றங்களில் பயன்படுவது பெரும்பாலும் "கட்டா" எனப்படும் கள்ளத் துப்பாக்கிகளே என்பது உண்மை. அப்படியானால், பிகாரின் முங்கேர் போன்ற இடங்களில் இயங்கும் கள்ளப் பட்டறைகளை ஒழிப்பதுதான் தீர்வு. கள்ளத் துப்பாக்கிக்கு எதிராக நல்ல துப்பாக்கியைப் பெருக்குவது, தீயை எண்ணெய் ஊற்றி அணைக்க முயல்வது போன்றது.

உண்மையான அச்சுறுத்தலுக்கு உள்ளான தனி மனிதருக்கு, தீர விசாரித்து உரிமம் வழங்குவதில் தவறில்லை. சட்டமும் அதைத்தான் அனுமதிக்கிறது. ஆனால், ஒரு பகுதியையும் ஒரு பிரிவு மக்களையும் அடையாளம் வைத்து உரிமம் வழங்குவது வேறு. அது அயலானை அயலானாக அல்ல, எதிரியாகப் பார்க்கக் கற்றுத் தருகிறது. ஒரு வீட்டில் பிஸ்டல் வந்தால், பக்கத்து வீட்டில் அச்சம் வரும். அந்த அச்சம் கள்ளச் சந்தையைத் தேடும். 2023-ல் மணிப்பூரில் காவல்துறையின் ஆயிரக்கணக்கான ஆயுதங்கள் சூறையாடப்பட்ட பின் அந்த மாநிலம் அடைந்த நிலையை, அருகிலிருந்து பார்த்த மாநிலம் அசாம்.

2020-ம் ஆண்டு தொடக்க நிலவரப்படி, நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு அனுமதிக்கப்பட்ட காவலர் எண்ணிக்கை சுமார் 195. உண்மையில் பணியில் இருந்தவர்கள் சுமார் 155 மட்டுமே. காவல்துறைச் சீர்திருத்தம் குறித்து உச்ச நீதிமன்றம் 2006-ல் பிரகாஷ் சிங் வழக்கில் அளித்த உத்தரவுகளை மனமாரச் செயல்படுத்திய மாநிலங்கள் அரிது. அந்தக் காலியிடங்களை நிரப்புவதும், எல்லைக் கிராமங்களில் காவல் நிலையங்களை அமைப்பதும், அழைத்த நேரத்தில் காவலர் வருவதை உறுதி செய்வதும்தான் அரசு தரவேண்டிய பாதுகாப்பு.

வரி செலுத்தும் குடிமகன் அரசிடம் கேட்பது, அச்சமின்றி வெளியே சென்று வீடு திரும்பும் வாழ்க்கையை. துப்பாக்கி உரிமத்தைக் கொடுத்து அவனை அனுப்பி வைக்கும் அரசு, அவனுக்கு வலிமை சேர்க்கவில்லை. தன் கடமையை அவன் இடுப்பில் கட்டிவிட்டு ஒதுங்கிக் கொள்கிறது.